பருத்திப்பட்டின் எதிர்க்கட்சிக் கிணறு

பினாங்கிலிருந்து சென்னைக்கு ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கவே வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, மடிப்பு மடிப்பாகக் கிடந்த கம்ப்யூட்டர் தாள்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்னம்மா?" என்றார். "கிணறு" என்றேன். அவர் உடனே பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பினாங்குப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிலத்தடி நீரை ஆராயும் மாணவி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கிணறுகள் பதினொன்றில், மாதாமாதம் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அங்குள்ள ஒரு கல்லூரி எட்டு வருடமாக எழுதி வைத்திருந்தது. அந்தக் குறிப்புகள் என் பேராசிரியர் கைக்கு வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, மழைக் கணக்கோடு ஒப்பிட்டுக் கோடு போட்டுப் பார்த்ததுதான் என் மூன்று வருட வாழ்க்கை.

பத்துக் கிணறுகள் ஒழுங்காக இருந்தன. மழை பெய்தால் ஏறின, வெயில் அடித்தால் இறங்கின. பருத்திப்பட்டில் இருந்த ஏழாம் எண் கிணறு மட்டும் எல்லாவற்றையும் மாற்றிச் செய்தது. மழையில் இறங்கும், கோடையில் ஏறும். அதுவும் வருடா வருடம் கோடையில் இன்னும் கொஞ்சம் கூடவே ஏறும். அதற்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தேன்.

எதிர்க்கட்சிக்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தேன். பக்கத்தில் ஏரி. அடியில் களிமண் படுகை. மழைத் தண்ணீர் அதன் வழியே மெல்லக் கசிந்து ஆறு மாதம் தாமதமாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். என் ஆய்வேடு முழுக்க அந்த ஒரு கிணற்றின் மேல் நின்றது. ஒரு மாநாட்டுக்கும் கட்டுரை அனுப்பியாகிவிட்டது. "அச்சுக்குப் போவதற்கு முன்னால் நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு வா, ஒரு வாரம் போதும்" என்றார்.

தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் கிளம்பினேன். அந்தத் தைரியம் முதல் பஸ் வரைக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை. கண்டக்டர் கேட்டார்: "அம்பத்தூர்ல எங்க எறங்கணும், எஸ்டேட்டா, ஓ.டி.யா?"

எங்கள் ஊரில் எஸ்டேட் என்றால் ரப்பர் தோட்டம். என் அப்பா பிறந்ததே ஒரு எஸ்டேட்டில்தான். ஓ.டி. என்றால் என்னவென்று தெரியாததால், தெரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் என்றேன். இறங்கிப் பார்த்தால் ஒரு மரம் இல்லை. பார்த்த பக்கமெல்லாம் தகரக் கூரை, கடைசல் பட்டறை, இரும்பு உரசும் சத்தம், காக்கிச் சட்டையோடு சைக்கிளில் பறக்கும் ஆண்கள். ஒருவரை நிறுத்தி, "இங்கே ரப்பர்..." என்று ஆரம்பித்தேன். "ரப்பர் கம்பெனியா? நேரா போயி லெப்ட்ல திரும்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் விடுதி ஓ.டி.யில், அதாவது பழைய ஊர்ப் பக்கம், இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பஸ்களும், 'வழியில நிக்காத, கஸ்மாலம்' என்று ஒரு வசவும் ஆயின. அது ஏதோ பாராட்டில்லை என்பது மட்டும் குரலில் தெரிந்தது.

புதன்கிழமை காலை பொங்கலும் வடகறியும் சாப்பிட்டேன். வடையைக் குழம்பாக்கும் யோசனை எங்கள் பினாங்குக்காரர்களுக்கு ஏன் வரவில்லை என்று ஆவடி போகும் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

ஏழாம் எண் கிணறு ஸ்டெல்லா என்பவருடைய வீட்டு வாசலில் இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூரில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் மதிய ஷிப்ட். கணவர் லாரி ஓட்டப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். கேட்டைத் திறந்ததும் முதலில் டைகர் என்ற நாய் வந்தது. அதற்கு அப்புறம்தான் ஸ்டெல்லா வந்தார்.

"அது புது ஆளக் கண்டா இப்டித்தான். வெறும் சவுண்டு. உள்ள வா மேடம். நாஸ்டா துன்ட்டியா?"

விழித்தேன். அவர் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். "ஓ, பசியாறிவிட்டேன்" என்றேன். இப்போது அவர் விழித்தார். எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பெயர். இரண்டு தமிழச்சிகள் ஒரு இட்லியைப் பற்றிப் பேச இத்தனை பாடு.

கிணறு உறைக்கிணறு. சிமென்ட் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது. அந்த வளையம்தான் உறை. மொத்தம் பன்னிரண்டு உறை. தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் குடிதண்ணீர். எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே காய்ந்து தெரிந்த உறைகளை எண்ணினேன். ஆறு. தாளைப் பிரித்துப் பார்த்தேன். மார்ச் மாதக் கடைசியில் தரையிலிருந்து ஆறு உறை கீழே இருக்க வேண்டும் என்றது என் கோடு. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கடல் கடந்து உட்கார்ந்து நான் போட்ட கோடு இங்கே ஒரு வாசலில் நிஜமாக இருந்தது.

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். "இந்தக் கிணறு கோடையில் ஏறும். வருடத்துக்கு வருடம் கூடுதலாக ஏறுகிறது. கம்ப்யூட்டர் சொல்கிறது."

"இந்த வருசமும் ஏறுமா?" என்றார் ஒருவர்.

"ஏற வேண்டும்."

ஸ்டெல்லா நெற்றியைச் சுருக்கி, "போன வருசம் பார்த்தீன்னா..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. களிமண் படுகை, ஊடுருவல், தாமதம் என்று என் புத்தகத் தமிழை எடுத்து விட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாததால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். அந்த இடத்தில் ஸ்டெல்லாவை ஒரு நிமிடம் பேச விட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். படித்த வாய் சும்மா இருக்குமா?

வியாழக்கிழமை மறுபடி போனபோது வாசலில் உருளையும் கயிறும் கடப்பாரையுமாக மூன்று பேர் நின்றிருந்தார்கள். கிணற்றை ஆழப்படுத்த வந்த ஏழுமலையும் அவருடைய ஆட்களும். கோடைக்கு முன்னால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் தோண்டிப் புது உறை இறக்குவது என்று தெருவே சேர்ந்து முன்னமே முடிவு செய்திருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம்; சாமான்களை முன்கூட்டியே இறக்கி வைக்க வந்திருந்தார்கள்.

"இந்த வருசம் வோணாம் ஏழுமல" என்றார் ஸ்டெல்லா. "ஏரித் தண்ணி அடியில வந்துகினு கீதாம். தானா ஏறுமாம்."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர் சொல்லிச்சாம். தோ, மலேசியா மேடம் வந்து கீறாங்க இல்ல?"

ஏழுமலை என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "இப்ப உட்டா அப்பால ஆடி மாசம்தான் வருவேன். திருநின்றவூர்ல வேல கீது, அதுக்கப்பால வேப்பம்பட்டு. நடுவுல கூப்டாத" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டினார்.

அவர்கள் போன பிறகு எனக்குள் ஏதோ இடித்தது. கோடையில் தண்ணீர் ஏறுகிற கிணற்றை எதற்கு ஒரு தெருவே சேர்ந்து ஆழப்படுத்த நினைக்கிறது? ஸ்டெல்லாவைக் கேட்டேன். "தண்ணி கஷ்டம்தான், வேற இன்னா?" என்றார். ஆள் தொகை கூடிவிட்டது போலிருக்கிறது என்று நானே ஒரு பதிலைச் சொல்லி என்னை அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லிப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்கப் போனேன். எல்லாம் நல்ல பிள்ளைகள், கோடு சொன்ன இடத்தில் தண்ணீர். ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "கத்திரிக்கா இல்லாம எப்டி பிரியாணி?" என்று பரிமாறியவர் என்னைத் திருப்பிக் கேட்டார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அங்கிருந்து செம்பரம்பாக்கம். ஏரிக்கரையில் டீ போடுகிறவர் தானாகவே பேசினார். "ஏரி எறங்குனா சுத்துப்பட்டு கெணறு அத்தினியும் எறங்கும். அம்மாம் பெரிய ஏரி."

"பருத்திப்பட்டில் ஒரு கிணறு கோடையில் ஏறுகிறது" என்றேன் பெருமையாக.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அது இன்னா கெணறு, தல கீழா கட்டுனதா?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. டீயைப் பாதி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கல்லூரியிலிருந்து ஆவுடையப்பன் என்பவர் வந்து அளவு எழுதிக்கொண்டு போவார். எட்டு வருடமாக அவர் கையெழுத்தைத்தான் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அன்றைய தேதி ஏப்ரல் ஒன்று. இதை நான் வேண்டுமென்று சேர்க்கவில்லை.

சைக்கிளில் வந்தார். திருநெல்வேலிக்காரர், சாது, நெற்றியில் விபூதி. கேட்டுக்கு வெளியிலேயே ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டார். டைகர் உள்ளே நின்று உயிரை விட்டுக் குரைத்தது.

"உள்ளே வரவில்லையா?" என்றேன்.

"ஐயய்யோ, வேண்டாம்க்கா. முத வருசமே ஆடுசதைய கவ்விட்டு. அன்னைலேர்ந்து இங்கனயே நின்னுக்கிடுதது. அந்தம்மா சொல்லுவாவ, நான் எழுதிக்கிடுவேன்" என்றவர் கழுத்தை நீட்டி, "எம்மா, எவ்வளவு?" என்று கத்தினார்.

கிணற்றடியிலிருந்து ஸ்டெல்லா திருப்பிக் கத்தினார். நாய் குரைப்பில் எனக்குக் கேட்டது இதுதான்: "அஞ்சு கீழ!"

ஆவுடையப்பன் எழுதினார். நோட்டை எட்டிப் பார்த்தேன். 'தரையிலிருந்து எத்தனை உறை கீழே' என்ற கட்டத்தில் ஐந்து. புதன்கிழமை ஆறு, இன்று ஐந்து. ஒரு உறை ஏறியிருக்கிறது! ஒரு துள்ளுத் துள்ளி உள்ளே ஓடினேன். எட்டிப் பார்த்து எண்ணினேன். ஏழு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. புதன்கிழமை காய்ந்திருந்த ஆறோடு இன்னொன்றும் காய்ந்து கிடந்தது.

"ஐந்து என்றீர்களே?"

"ஆமா, அஞ்சு கீது."

"ஏழு அல்லவா கீழே இருக்கிறது?"

"மேல ஏழு காஞ்சி கீது மேடம். உள்ள அஞ்சு கீது. தோ, பாரு." அவர் கயிற்றைக் காட்டினார். உறைக்கு ஒரு முடிச்சு வீதம் போட்டிருந்த கயிற்றை அடி வரை விட்டு எடுத்திருந்தார். ஐந்து முடிச்சு நனைந்திருந்தது.

"கீது என்றால்?"

"கீதுன்னா கீது. அதுக்கு இன்னான்னு அர்த்தம் சொல்றது?" என்று சிரித்தார். பிறகு எனக்காகக் கஷ்டப்பட்டு, சினிமாவில் பணக்காரர்கள் பேசுவது போல, "இ-ருக்-கு" என்றார்.

"எட்டு வருடமாக நீங்கள் தண்ணீரைத்தான் எண்ணிச் சொன்னீர்களா?"

"பின்ன? காஞ்ச ஒறைய எண்ணி இன்னா பண்றது? தண்ணியத்தான எண்ணணும்."

வெளியே ஓடி வந்து ஆவுடையப்பனிடம் கேட்டேன். அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். "கட்டத்துல கீழன்னுதானக்கா போட்டிருக்கு. அவுஹளும் கீழன்னு சொல்லுத மாதிரியே கேட்டுது. மத்த பத்துக் கெணத்தையும் நானே எறங்கி நின்னு எண்ணுதேன். இது ஒண்ணுதான், இந்த நாயி..." என்று உள்ளே குரைத்துக்கொண்டிருந்த டைகரைக் காட்டினார்.

விடுதிக்கு வந்து தாள்களைக் கட்டில் முழுக்கப் பரப்பினேன். ஏழாம் எண் வரிசையில் ஒவ்வொரு எண்ணையும் பன்னிரண்டிலிருந்து கழித்தேன். நூறு எண் கழிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டது. மழை பெய்தால் ஏறியது, வெயில் அடித்தால் இறங்கியது. முதல்முறை நான் வந்து பார்த்தபோது ஆறு காய்ந்து ஆறு நிறைந்திருந்ததால், எப்படி எண்ணினாலும் ஒன்றுதான். வருடத்தில் வேறு எந்த வாரம் வந்திருந்தாலும் முதல் நாளே பிடிபட்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு எண்தான் தெரியும். அது மேலிருந்து எண்ணியதா, அடியிலிருந்து எண்ணியதா என்று அதற்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டியவள் நான். மூன்று வருடத்தில் ஒருமுறை கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. வருடத்துக்கு வருடம் கோடையில் ஏறுகிறது என்று நான் தெருவில் நின்று சொன்னது, உண்மையில் வருடத்துக்கு வருடம் கோடையில் வற்றுகிறது என்பது. முதல் கோடையில் ஐந்து உறைத் தண்ணீர் இருந்தது. போன கோடையில் ஒன்று. அந்தத் தெருவுக்கு வந்த ஆட்களைத்தான் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வெளிநாட்டுத் தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான். நான் சொல்லி முடித்ததும் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "ஏழாம் எண்ணை எடுத்துவிட்டால் உன் ஆராய்ச்சியில் என்ன மிச்சம்?"

"மழை பெய்தால் கிணறு ஏறும் என்பது மிச்சம்."

"கட்டுரை புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. இத்தனை தூரம் வந்து யார் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

"ஒரு தெருவே தினமும் எட்டிப் பார்க்கிறது, சார். எடுத்துவிடுங்கள்" என்றேன். போனை வைத்துவிட்டு அந்தக் கூண்டுக்குள்ளேயே நின்று அழுதேன். மூன்று வருடம் என்பது சும்மாவா? கடைக்காரர் ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் எனக்கு விமானம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து ஸ்டெல்லா தலையில் முக்காடோடு வரும்போது கேட்டருகில் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் புத்தகத் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "கிணறு வற்றுகிறது, நான் சொன்னது தப்பு, தோண்டணும்" என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? "இன்னா மேடம் நீ! நான்தான் சொல்ல வந்தேனே, போன வருசம் லாரித் தண்ணிக்கு அடிச்சிக்கினு நின்னோம்னு. நீ எங்க கேட்ட? படிச்சவ சொல்றாளேன்னு ஊரே வாயப் பொத்திக்கினு கீது. இப்ப நான் கூப்ட்டா அந்த ஏழுமல வருவானா? வோணாம்னு மூஞ்சில அடிச்ச மாரி சொன்னவளே நான்தான்."

"நான் போய்க் கூப்பிடுகிறேன்."

"நீயா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு, திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிப் பக்கம், கிணறு வெட்டுகிற ஏழுமலை என்று கேட்டால் காட்டுவார்கள் என்றார்.

ஆவடியில் முதலில் வந்த ரயிலில் தாவி ஏறினேன். அந்தப் பக்கம்தானே போகிறது என்ற நம்பிக்கை. எதிரே பூக்கூடையோடு இருந்தவர், "எங்கம்மா போற?" என்றார். சொன்னேன். "இது சைடிங் வண்டிமா, அங்க போவாது" என்றார்.

"சைடிங் எந்த ஊர்?"

பெட்டியே சிரித்தது. ராணுவக் கிடங்குக்கென்று போட்ட கிளைப்பாதைக்குத்தான் அந்தப் பெயராம். பட்டாபிராமில் வண்டி பிரிவதற்குள் இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டார்கள். அடுத்த வண்டிக்கு வெயிலில் முக்கால் மணி நேரம். பினாங்கில் இந்நேரம் மழை பெய்து ஓய்ந்திருக்கும்.

ஏழுமலை வீட்டு வாசலில் உட்கார்ந்து கடப்பாரைக்கு முனை தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இன்னா, கம்ப்யூட்டர் இன்னொண்ணு சொல்லிச்சா?" என்றார்.

"நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். கீது, கீழே கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இங்க வேல முடிஞ்சிச்சி. நாள கயிச்சி வேப்பம்பட்டுல வேல. வாக்கு குட்த்துட்டேன்."

"அந்தக் கிணறு இந்த மே மாதம் தாங்காது."

"அது எனக்கே தெரியும். உள்ள எறங்கி நின்னவன் நானு." தட்டுவதை நிறுத்தினார். "சரி, வேப்பம்பட்ட ரெண்டு நாளு தள்ளிக்கினா... எத்தினி ஒற எறக்கணும்? போன தபா அந்தத் தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்லி சண்ட. ஒருத்தன் ஒண்ணு போதுன்றான், ஒருத்தன் அஞ்சுன்றான். அஞ்சு போனா உப்புத் தண்ணி வந்துடும்னு இன்னொருத்தன். எட்டு வருசம் எயுதிக்கினு கீற இல்ல? நீ சொல்லு."

அவர் மனைவி கொடுத்த பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டுக் கோடைகளையும் வரிசையாக எழுதினேன். ஐந்து, ஐந்து, நான்கு, நான்கு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. கோடு போட்டேன். இந்த முறை கோடு கீழே போனது. இரண்டு தடவை சரிபார்த்தேன். இதுவரை நான் எழுதிய எண் எதையும் யாரும் மண்ணில் தோண்டியதில்லை.

"மூன்று" என்றேன்.

"கணக்கு கரீக்டா கீதா?"

"கணக்கு மூன்று என்கிறது."

ஏழுமலை கடப்பாரை முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "கணக்கு கெடக்கட்டும். அது உன் ஊடு, உன் புள்ளைங்கோ குடிக்கிற தண்ணின்னா, எத்தினி எறக்குவ?"

தாளைப் பார்த்தேன். அதில் மூன்றுதான் இருந்தது.

"நாலு" என்றேன்.

"அப்ப நாலு" என்று எழுந்து, உள்ளே திரும்பி, மோட்டாரை எடுத்து வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.